அந்த முதல் ஸ்பூன் காபிக்கு நன்றி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்குக் குழாயையும் எடுத்தாயிற்று. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி அந்த ஸ்பீச் தெரபிஸ்டுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைகளுக்கும்தான் இவர்கள் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு முழுங்கப் பழக்குவதும் இவர்கள் வேலைதான், பேச உதவும் அதே நாக்கும் தொண்டையும்தானே முழுங்கவும் வேண்டும்!

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முழுங்குவதில் சிக்கல் வருகிறது. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டுவோமே, அந்த இருமல்தான் நமக்குக் காவல். சிலருக்கு அந்த இருமலே வராது. கொடுத்த தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வெறும் தண்ணீர்தானே, ஒரு வாய் இளநீர்தானே என்று பாசத்தில் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து.

குழாய் வழியாகவே சாப்பிட்டு அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் படுத்திருந்தார். தெரபிஸ்ட் அம்மாவிடம் கேட்டார், "அம்மா, ஐயா காபி எப்படிக் குடிப்பாரு?" டிகாஷன் தூக்கலா, சர்க்கரை கம்மியா என்றார் அம்மா. மறுநாள் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவரச் சொல்லி, டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தார். காபியில் கெட்டியாக்கும் பவுடரைக் கலக்கி, கூழ் பதத்துக்கு வந்ததா என்று ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணியாக இருந்தால் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அதற்குள் ஓடிவிடுமாம். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, டீஸ்பூனில் பாதி. குரல்வளையில் இரண்டு விரலை வைத்து அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். "இப்ப ஆ சொல்லுங்க ஐயா." குரலில் கொளகொளப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த அரை ஸ்பூன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். அப்புறம் ஸ்பூனைக் காட்டி இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினார். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அந்தக் காபி எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. பவுடர் கலக்கிய வெறும் தண்ணியிலேயே பயிற்சியை முடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்று, பேச்சு, கேட்புச் சிகிச்சைக்கான தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கல்வி நிறுவனம் 1965-லிருந்து நடக்கிறது. டாக்டர், நர்ஸ் தாண்டி யோசிக்கும்போது இதையும் யோசியுங்கள், சின்ன ஊர்களில் இவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இரவில் துணைக்குப் படுத்த தம்பிகள், ரத்தம் கொடுத்த நண்பர்கள், டாக்டர்கள், சிஸ்டர்கள், சிரித்த முகத்தோடு பெட்பேன் எடுத்த அக்காக்கள், சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இனி பக்கவாதம் வந்தவருக்கு முழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடப் போக விடமாட்டேன். யாருக்காவது அந்த நிலை வந்தால் நடுராத்திரி ஆனாலும் போன் போடுங்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.