மதுரையால் முடிந்தது கடலூரால் முடியாதா?

ஆசிரியருக்கு,

2016-ல் மதுரையில் தொடங்கிய சேது எஃப்.சி. பெண்கள் கால்பந்து அணி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது லேசுப்பட்ட காரியமா! அதே ஆண்டு ஆண்களுக்கான தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக் பட்டத்தையும், கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது.

சேது அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம் கடலூர்ப் பெண், இந்தியாவுக்கும் ஆடியவர். இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ஆனால் இங்கே ஆடி வளரும் பிள்ளைகள், ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள வெளியூர் அணிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இது மனதை உறுத்துகிறது.

கிளப் நடத்தக் காசு வேண்டும், உண்மைதான். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடச் சட்டமே இடம் தருகிறது. சிப்காட் ஆலைகள் முன்வரட்டும். முதல் படியாக, மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் பெண்களுக்கென ஆண்டு முழுவதும் நடக்கும் மாவட்ட லீக் ஒன்றை மாவட்ட நிர்வாகம் இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

- கால்பந்து ரசிகர், மஞ்சக்குப்பம், கடலூர்.