காலி ரூல் எல்லா பாக்கெட்டையும் பிடிக்கும், இதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவர் இணைப்பில் மென்பொருளால் இயக்கப்படும் நெட்வொர்க் பற்றி வந்த கட்டுரையைக் குன்னூரில் எங்கள் ஆய்வகப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன். பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அனுப்பும் சுவிட்ச், அதற்கு உத்தரவிடும் கன்ட்ரோலர், அந்த உத்தரவுகள், அதாவது ரூல்கள், இருக்கும் ஃப்ளோ டேபிள் எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் பிள்ளைகள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு ரூலிலும் எந்தப் பாக்கெட் என்ற நிபந்தனையும் (மேட்ச்), அதை என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கும். அந்த மேட்ச்சில் நாம் எழுதாமல் விட்ட புலத்தை (முகவரி, போர்ட் போன்றவை) சுவிட்ச் எப்படி எடுத்துக்கொள்கிறது?

கன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஓபன்ஃப்ளோவில் எழுதாமல் விட்டால் "எதுவாக இருந்தாலும் சரி" என்றுதான் கணக்கு. ஒன்றுமே எழுதாத மேட்ச் எல்லா பாக்கெட்டையும் பிடிக்கும்.

கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருவர் மினிநெட்டில் (கணினிக்குள்ளேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கும் மென்பொருள்) வெப் போக்குவரத்தை மட்டும் தடுக்க நினைத்து, போர்ட் 80 (வெப் போக்குவரத்தின் எண்) வந்தால் டிராப் செய் (கீழே போடு) என்று ஓபன் வி சுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்சில் ஒரு ரூல் போட்டார். போர்ட் எண்ணுக்கு முன்நிபந்தனையான ஐபி, டிசிபி நெறிமுறைகளை முதலில் சொல்லாமல் போர்ட்டை மட்டும் சொன்னதால் அந்த 80 அப்படியே கழன்றுபோய், மிஞ்சியது காலி மேட்ச்சும் டிராப்பும்தான், அதோடு முன்னுரிமை எதுவும் தராவிட்டால் 32768 தானாக விழும், பெரிய எண்ணே முந்தும் என்பதால் 0-இல் இருந்த "வழக்கம்போல் அனுப்பு" ரூலுக்கு வேலையே இல்லாமல் போனது. இணைப்பைச் சோதிக்கும் பிங் கூட போகவில்லை. பர்லியார் சோதனைச் சாவடியில் "பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும் வண்டியை நிறுத்து" என்ற உத்தரவில் முதல் பாதி அழிந்துபோய் "வண்டியை நிறுத்து" மட்டும் மிஞ்சினால் மலைப்பாதை என்ன ஆகும், அதுதான் நடந்தது. மேட்ச் மாறிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது உண்மைதான், கோளாறு தேடும் அவசரத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஓபன்ஃப்ளோ 1.2 பதிப்பு முதல் இப்படி முன்நிபந்தனை விட்டுப்போன ரூலை சுவிட்ச் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அழிக்கும் கட்டளைக்கு அந்தக் காவல் கிடையாது: மேட்ச் எழுதாமல் அழி என்றால் இருக்கும் ரூல் அத்தனையும் போய்விடும்.

காலி மேட்ச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த ரூலிலும் சேராத பாக்கெட்டை ஓபன்ஃப்ளோ 1.0 பதிப்பு கன்ட்ரோலருக்கு அனுப்பிவிடும். 2012-இல் வந்த 1.3 அதைக் கீழே போட்டுவிடும், முன்னுரிமை 0-இல் காலி மேட்ச்சோடு ஒரு ரூலை நாமே வைத்தால்தான் அது கன்ட்ரோலருக்குப் போகும். ஆக, தேவைதான். அப்புறம் எங்கே தப்பு? மறந்து விட்டதையும் தெரிந்தே விட்டதையும் சுவிட்சால் பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே நிரல் இடைமுகம் (நிரலாளர் ரூல் போடப் பயன்படுத்தும் கருவி) எழுதுகிறவர்கள் "எல்லாம்" என்று நிரலாளர் வெளிப்படையாக எழுதினால் மட்டுமே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நின்று கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து பாதை அடைபட்டால், கூடலூரில் இப்படி ஒரு ரூலால் முடங்கிய சுவிட்சைச் சரிசெய்ய ஊட்டியிலிருந்து ஆள் போக முடியாது. இங்கே படிக்கும் பிள்ளைகள் நாளைக்கு அந்த வேலைக்குத்தான் போவார்கள். அடுத்த இணைப்பில் ஒரு காலி ரூலையும், அது என்னென்ன பாக்கெட்டைப் பிடிக்கிறது என்பதையும் படம் போட்டு வெளியிடுங்கள்.

ஆய்வக ஆசிரியர்,
குன்னூர், நீலகிரி