கொன்ஜுன்தீவோவை விட்டுவிடாதே

பலெர்மோ,
ஞாயிறு பின்னேரம்

என்ர அன்புச் சிநேகிதிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் உன்ர மனுசனும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் இன்று காலையில் மொன்தே பெல்லெக்ரீனோ ஏறிச் சந்தா ரொசாலியாவிடம் போய்வந்தேன். பெரியம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கனடாக்காரன் இன்னும் கலியாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஊர்ப் புதினம் அவ்வளவுதான். இனி உன்னோடு சண்டை.

நீ அனுப்பிய வொயிஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இத்தாலிய மொழியின் நடுமட்டமான பி1 சோதனைக்கு நிகழ்காலமும் பஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோ என்ற அண்மை இறந்தகாலமும் காணும் என்று உங்கள் மாலை வகுப்பு ரீச்சர் சொன்னாவாம். ஆசையும் சந்தேகமும் சொல்கிற கொன்ஜுன்தீவோ என்ற வினைவடிவத்தை இத்தாலியரே கைவிட்டுவிட்டார்களாம், பஸ்ஸாதோ ரெமோதோ என்ற தூர இறந்தகாலம் செத்த காலமாம். நீயும் "அப்பாடா" என்று கொப்பியை மூடிவிட்டாயாம். எடி, தமிழ்ப் பாடத்தில் வினைமுற்று வந்தவுடன் யன்னலுக்கு வெளியே பார்க்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லையா? மூடிய கொப்பியைத் திற.

முதலில் சோதனைக் கதை. குடியுரிமைக்கு பி1 வேண்டும் என்ற சட்டம் 2018 இல் வந்தது. சியெனாப் பல்கலைக்கழகத்தின் தாளோ பெரூஜாப் பல்கலைக்கழகத்தின் தாளோ, எதை எழுதினாலும் "நடந்துகொண்டிருந்தது" என்று சொல்கிற இம்பெர்ஃபெத்தோ தெரியாமல் உன்ர சின்ன வயதைப் பற்றி நாலு வரி எழுத ஏலாது. ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது சோதனைக்காக இல்லை.

இங்கே எங்களைப் போல வெளிநாட்டு முகத்தைக் கண்டவுடன் சில பேர் எப்படிக் கதைப்பார்கள் என்று கவனித்திருப்பாய். "தூ அந்தாரே", "தூ பூலீரே". நீ போதல், நீ துடைத்தல். விகுதி எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு மொட்டை வினையைக் கையில் தருவார்கள். நல்ல மனதோடு, எங்களுக்கு லேசாக இருக்கட்டும் என்றுதான் கனபேர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கும். உங்கள் ரீச்சர் சொன்னதும் அதன் இன்னொரு வடிவம்தான். நிகழ்காலமும் ஒரேயொரு இறந்தகாலமும் இருந்தால் நீ கடைக்குப் போகலாம், சாமான் வாங்கலாம், "முடித்துவிட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லலாம். ஆசைப்பட ஏலாது. சந்தேகப்பட ஏலாது. "அப்படி நடந்திருந்தால்" என்று ஒரு பெருமூச்சு விடவும் ஏலாது. வேலைக்காரிக்கு இவ்வளவு காணும் என்று எங்களுக்கு அளந்து தருகிற மொழியை நாங்கள் ஏன் வாங்கவேண்டும்?

ரெமோதோ செத்துவிட்டதாம்! இங்கே வந்து பார். உங்கள் பொலோன்யாவில் கதைக்கும்போது ப்ரோஸ்ஸிமோதான் ஓடும், அது சரி. சிசிலியில் இப்போதுதான் வாசலுக்கு வந்தவன்கூட ரெமோதோவில் "அர்ரிவாய்", வந்துசேர்ந்தேன், என்பான். மேல்வீட்டுக் கிழவி படியில் என்னைக் கண்டால் "மஞ்ஜாஸ்தி?" என்றுதான் கேட்பா, சாப்பிட்டியா என்று. உங்கள் பக்கத்தில் அதையே "ஆய் மஞ்ஜாதோ?" என்பார்கள். இரண்டும் சரிதான், ஊருக்கு ஊர் வேறு. அதோடு உன்ர சின்னவள் வருகிற வருஷம் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். பொலோன்யா என்றாலும் கதைப் புத்தகத்தில் இளவரசி வந்ததும் ஓநாய் தின்றதும் ரெமோதோவில்தான் இருக்கும். பிள்ளை மடியில் புத்தகத்தோடு வந்து நின்றால் என்ன செய்வாய்?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நான் பராமரிக்கிற வயதான சின்யோரா ஜிபெல்லீனாக்காரி என்று உனக்குத் தெரியும். 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கில் பூமி அதிர்ந்து தரைமட்டமான ஊர். இடிபாடுகளின் மேல் பிறகு பூர்ரி என்ற கலைஞர் வெள்ளைச் சீமெந்து போட்டு மூடினார். பழைய தெருக்கள் இருந்த இடத்தில் வெடிப்புப் போல நடைபாதைகள் விட்டிருக்கிறார். போன கிழமை குசினி மேசையில் இரண்டு பேரும் ஃபாவே அவரை உரித்துக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் எங்கேயோ நிலநடுக்கம் என்று காட்டினார்கள். மனுசி அதை நிற்பாட்டிவிட்டுத் தானாகவே சொல்லத் தொடங்கினா. "த்ரெமோ லா தெர்ரா. உஷிம்மோ." பூமி அதிர்ந்தது, வெளியே வந்தோம். "மியோ பாத்ரே தொர்னோ." அப்பா போர்வை எடுக்கத் திரும்பிப் போனார். "நொன் லோ வெதெம்மோ பியூ." பிறகு அவரை நாங்கள் காணவில்லை.

நாலு வினை, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் நடந்து முடிந்து கதவடைத்த காரியம். இடையிலே குளிர், பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தது, நாய்கள் ஊளையிட்டது எல்லாம் இம்பெர்ஃபெத்தோவில் வந்தன: "ஃபசேவா ஃப்ரெத்தோ", "பியாஞ்ஜேவனோ". பின்னால் நீண்டு கிடக்கிற இருட்டு இம்பெர்ஃபெத்தோ, அதைக் கிழித்துக்கொண்டு வருகிற சம்பவம் ரெமோதோ. புத்தகத்தில் இந்த விதியை வாசித்துத்தான் இருந்தேன். அந்த மேசையில்தான் அது எனக்கு உள்ளே இறங்கியது.

நான் சொன்னேன்: "உஷிம்மோ ஆங்கே நோய்." நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம், தொண்ணூற்றைந்தில். சின்யோரா கையிலிருந்த அவரையை வைத்துவிட்டு "ரக்கோந்தாமி", எனக்குச் சொல்லு, என்றா. ஒக்டோபர் 30 இரவு, மழை, நாவற்குழிப் பக்கம் அடிமேல் அடிவைத்து நகர்ந்த சனம், உன்ர அம்மா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த தையல் மெசின், எல்லாம் சொன்னேன். மழைக்கு "பியொவேவா", நடைக்கு "கம்மினாவாமோ", பாலத்தைக் கடந்ததற்கு "பஸ்ஸாம்மோ". இவ்வளவு காலமும் இந்த வீட்டில் நான் மருந்து கொடுக்கிறவள், நிலம் துடைக்கிறவள். அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு ஊர் இருந்தது என்று அந்த மனுசிக்குத் தெரியவந்தது.

இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

சரி, எப்படிப் படிப்பது? ஏழு மோதி, அதாவது ஏழு வினைப்பாங்கு, என்று அட்டவணையைப் பார்த்துப் பயப்படாதே. அதில் மூன்றுக்கு ஆள் விகுதியே கிடையாது. ஏவலை நீ தெருவிலேயே படித்துவிட்டாய். மிச்சம் உள்ளதைச் சொல்கிற இந்திகதீவோ, கொன்ஜுன்தீவோ, "நடந்தால் செய்வேன்" என்கிற கொந்திட்ஸியொனாலே. மூன்றிலும் சேர்த்துத் தனிச்சொல்லாக வருகிற காலங்கள் ஏழுதான். மற்ற ஏழும் அவெரே அல்லது எஸ்ஸெரே என்ற துணைவினையோடு எச்சத்தைச் சேர்த்தால் வந்துவிடும். "ஓ ஸ்க்ரித்தோ", எழுதியிருக்கிறேன். "அவேவோ ஸ்க்ரித்தோ", எழுதியிருந்தேன். "இரு" என்பதை நாங்கள் எத்தனை காலத்துக்கு மாற்றிப் போடுகிறோம், அதே வேலைதான். எஸ்ஸெரே வந்தால் மட்டும் கவனம்: போனேன் என்று நீ சொன்னால் "சோனோ அந்தாதா", உன்ர மனுசன் சொன்னால் "சோனோ அந்தாதோ".

இம்பெர்ஃபெத்தோவில் முரண்டு பிடிக்கிற வினை விரல்விட்டு எண்ணலாம். எதிர்காலத்துக்கும் கொந்திட்ஸியொனாலேக்கும் அடி ஒன்றுதான்: "வொர்ரோ" (விரும்புவேன்) தெரிந்தால் "வொர்ரேய்" (விரும்பக்கூடும்) தெரியும். ரெமோதோ பார்க்கத்தான் முள்ளு. முரண்டு பிடிக்கிற வினைகளில் முக்கால்வாசி நான், அவன், அவர்கள் என்ற மூன்று இடத்தில்தான் முறுக்கும். "வீதி, வீதே, வீதெரோ" (கண்டேன், கண்டான், கண்டார்கள்) முறுக்கல். நடுவில் "வெதெஸ்தி, வெதெம்மோ, வெதெஸ்தே" சாது. இந்த மூன்றும் மூன்றும் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சின்னவளுக்குக் கதை வாசி. அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பாடமாக்காதே, அது சோதனை மண்டபத்து வாசலோடு போய்விடும்.

இன்னொன்று. ஆளைச் சொல்லாமல் வினையை மட்டும் சொல்வது எங்களுக்குப் புதிதா? வந்தேன், வந்தாய், வந்தாள் என்று விகுதியிலேயே ஆளை வைத்துக் கதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். உன்ர வகுப்பில் இங்கிலாந்துக்காரி "இயோ, இயோ" (நான், நான்) என்று ஒவ்வொரு வசனத்துக்கும் தட்டுகிறாள் என்று பகிடி பண்ணினாயே, அவளின் மொழியில் விகுதி ஆளைக் காட்டாது, அதுதான் காரணம்.

கொன்ஜுன்தீவோவைக் கைவிட்டார்கள் என்ற கதையை நம்பாதே. "பென்சோ கே" (என்று நினைக்கிறேன்) என்றதன் பிறகு சாதாரண வினையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் பாண் கடையில் உன்னைப் பார்த்து "தீக்கா", சொல்லுங்கோ, என்கிறார்கள். டொக்டர் "சி அக்கோமொதி", இருங்கோ, என்கிறார். தெருவில் இடித்துவிட்டு "ஸ்கூஸி", மன்னியுங்கோ, என்கிறார்கள். அத்தனையும் கொன்ஜுன்தீவோ. மரியாதைக்காரருக்கு ஏவல் கிடையாது, இதுதான் உண்டு. மைதானத்தில் "வீவா!" என்று கத்துகிறார்களே, அது எங்கள் வியங்கோள் "வாழ்க" தான். நாளும் பொழுதும் அது உன்ர காதில் விழுந்துகொண்டிருக்கிறது, நீதான் பேர் தெரியாமல் கடந்துபோகிறாய். உருவாக்குவதும் கஷ்டமில்லை. "வெங்கோ" (வருகிறேன்) வின் வாலை மாற்றினால் "வெங்கா", "தீக்கோ" வை மாற்றினால் "தீக்கா". சியா, அப்பியா, சாப்பியா, ஸ்தியா, தீயா என்ற ஐந்தை மட்டும் தனியாகப் பாடமாக்கு.

"செ" (ஆல்) என்று தொடங்குகிற நிபந்தனை வசனத்தில்தான் இங்கேயுள்ளவர்களே தடுமாறுவார்கள். சிசிலிப் பேச்சில் இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தைப் போடுவதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை. வீட்டில் "செ லோ சபேவோ, வெனீவோ" என்று இம்பெர்ஃபெத்தோவாலேயே சமாளிப்பார்கள்; யாரும் கோபிக்கமாட்டார்கள். முழு உடுப்போடு சொன்னால் "செ லவெஸ்ஸி சபூதோ, சரேய் வெனூதா": தெரிந்திருந்தால் வந்திருப்பேன். உன்ர அப்பாவின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதைப் பற்றி நான் இங்கே ஆருக்காவது சொல்லவேண்டி வந்தால் எனக்கு இந்த வசனம் வேண்டும். இதைவிடக் குறைந்த இலக்கணத்தில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இத்தாலியர் பிறக்கும்போதே இதோடு பிறந்தவர்கள் என்றும் நினையாதே. 1861 இல் நாடு ஒன்றானபோது நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குத்தான் இத்தாலியன் தெரியும் என்று தே மவ்ரோ என்ற மொழியறிஞர் கணக்கிட்டிருக்கிறார். சின்யோராவின் அம்மாவுக்கு சிசிலியன் மட்டும்தானாம். அவர்கள் படித்தார்கள். நாங்களும் படிப்போம்.

உன்ர ரீச்சரோடு போய்ச் சண்டை பிடிக்காதே, அவவுக்குத் தந்த நேரம் அவ்வளவாக இருக்கும். நீயாகப் படி. அடுத்த கடிதத்தின் முதல் வரியை "ஸ்பேரோ கே தூ ஸ்தியா பேனே", நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், என்று தொடங்கி எழுது. மிச்சம் தமிழில் இருக்கட்டும்.

ஒடியல் மாவும் பெரியம்மா வறுத்த மிளகாய்த்தூளும் பார்சலில் போட்டுவிட்டேன், செவ்வாய்க்கு வரவேண்டும். ஓகஸ்ட்டில் ரெயினில் வருகிறீர்களா பிளேனில் வருகிறீர்களா என்று கெதியாகச் சொல்லு. சின்யோராவின் மகள் வந்து நிற்கிற கிழமையில்தான் எனக்கு லீவு எடுக்கலாம், அவவுக்கு இந்த மாதத்துக்குள் திகதி சொல்லவேண்டும்.

உன்ர,
முன் வாங்குக்காரி