கர்வாலில் யார் நிம்மதியாக இருந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இமயப் பயணக் கட்டுரையில், ‘கூர்க்கர் ஆட்சியில் கர்வால் மக்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள்’ என்று ஒரு வரி. இன்றைய உத்தராகண்டின் மலைநாடான கர்வாலை நேபாளத்தின் கூர்க்கர் பிடித்து ஆண்ட காலத்தைப் பற்றியது அது. அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

டேராடூனில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி, பேரனை யாராவது கை ஓங்கினால், “இதென்ன கோர்க்யாணியா?” என்று சத்தம் போடுவார். கூர்க்கர் ஆண்ட காலத்துக்குக் கர்வாலிகள் வைத்திருக்கும் பெயர் அது. இருநூறு ஆண்டுகள் ஆகியும் அந்த வீட்டில் அது கொடுமைக்கு மறுபெயராகவே இருந்தது. 1803 நிலநடுக்கத்தில் நொறுங்கிக் கிடந்த கர்வால் மீது கூர்க்கர் படையெடுத்தார்கள். 1804இல் குர்புராப் போரில் கர்வால் அரசர் பிரத்யுமன் ஷா உயிரிழந்தார். வரி கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளையும் பெண்களையும் ஹரித்துவாரில் அடிமைகளாக விற்றார்கள். அதற்கு முன் நேபாளத்தின் கீர்த்திபூரைப் பிடித்தபோது ஊராரின் மூக்கை அறுத்த கதை தாங்கள் அறியாததல்ல.

கூர்க்கரின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. டேராடூன் அருகே நாலாபானிக் கோட்டையை கூர்க்கத் தளபதி பலபத்ர குன்வர் சுமார் 600 பேரோடு காத்து நின்றார். அதைத் தாக்கிய வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி 1814இல் அங்கேயே மாண்டார். தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கு ஒரு தூண் நட்ட ஆங்கிலேயர், பக்கத்திலேயே எதிரிக்கும் ஒரு தூண் நட்டிருக்கிறார்கள். என் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இரண்டையும் காட்டியிருக்கிறேன். ஆனால் கோட்டையைக் காத்த வீரம் வேறு, குடிகளை ஆண்ட விதம் வேறு.

தங்கள் இதழில் இது முதல் முறையும் அல்ல. நேபாளத்தின் பக்தபூரில் உள்ள நியாதபோலா கோயில் படத்தின் கீழ் ‘கூர்க்கர் கலை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது 1702இல் மல்ல மன்னர் பூபதீந்திரர் எழுப்பிய, காத்மாண்டு சமவெளியின் பூர்வகுடிகளான நேவார்களின் கோயில். கூர்க்கர் அந்த ஊரைப் பிடித்ததே 1769இல்தான். அன்றே எழுதினேன், பதில் இல்லை. நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர் யாராயினும் ‘கூர்க்கா’ என்று விசிலோடு கேலிச்சித்திரம் போடுவதை நிறுத்தும்படியும் எழுதினேன், அதற்கும் இல்லை. முப்பது ஆண்டு வாசகனின் கடிதத்துக்கு ஓர் அஞ்சலட்டை கூடவா கனம்?

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிப் போட்டாலும் போதும். பாட்டி சொன்ன அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி