தோப்பும் காடும் ஒரே கணக்கில்

அன்புள்ள சிவா,

நலம்தானே? இத்தனை மாதம் எழுதாததற்கு நன்றாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறார். குமரேசன் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. வழக்கம்போல உன்னிடம்தான் கடைசியாகச் சொல்வான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "காடு கூடியிருக்கிறது, இனியாவது புலம்பலை நிறுத்து" என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எண்ணில் பொய் இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் காட்டுப் பரப்பு பற்றி அறிக்கை வெளியிடுகிறது. 2021-ஐவிட 2023 அறிக்கையில் காடும் மரங்களும் சேர்ந்து 1,445 சதுர கி.மீ. அதிகம். ஆனால் அதில் 1,289 சதுர கி.மீ. காட்டுக்கு வெளியே சிதறி நிற்கும் மரங்கள். காட்டின் பங்கு வெறும் 156. அதிலும் அரசுப் பதிவேட்டில் வனம் என்று உள்ள நிலத்துக்குள் கூடியது 7 சதுர கி.மீ. அளவுதான். வடகிழக்கு மாநிலங்களிலோ 327 சதுர கி.மீ. போய்விட்டது. அங்கே போன காட்டை இன்னோரிடத்தில் வந்த தோப்பு ஈடுகட்டிவிட்டதாகக் கூட்டுத்தொகை காட்டுகிறது. அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை, சிவா.

வானிலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரிவது மரத்தின் தலை மட்டும்தான். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பச்சையைப் பிரிக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, அதில் பத்து சதவீதமாவது மர நிழல் இருந்தால் அது காடு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே கிடையாது. பொள்ளாச்சியில் உன் அப்பா வைத்த தென்னந்தோப்பும் அதில் சேரும். வனம் வளர்த்த குடும்பம் என்று இனி நீ தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்!

விளையாட்டு போகட்டும். கொடைக்கானலில் நாம் சுற்றிய மேட்டை நினைத்துப் பார். அது இருக்கும் பழனி மலைத்தொடரில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த இடத்தை விவசாயமும், 'வாட்டில்' எனப்படும் சீகை மரமும், தைல மரமும் பிடித்துக்கொண்டன. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கொண்டுவந்த சீகை இப்போது தானாகவே பரவுகிறது. புல்வெளியில் மரம் இல்லை, ஆகவே அது காட்டுக் கணக்கில் வராது. அதை விழுங்கிய சீகை வரும். வரையாடு மேயும் நிலம் அழிய அழிய அறிக்கையில் காடு கூடிக்கொண்டே போகும். நாளை யாராவது சீகையை வெட்டிப் புல்லை மீட்டால், அது இழப்பாகப் பதிவாகும். இதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

செயற்கைக்கோளை நான் குறை சொல்லவில்லை. அந்தப் புல்வெளி போனதைக் காட்டிக்கொடுத்ததும் அதே படங்கள்தானே! முதல் அறிக்கைக்குப் பயன்பட்ட படத்தில் ஒரு புள்ளி தரையில் 80 மீட்டர், பிறகு 23.5 மீட்டர் ஆனது, இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தருவது 10 மீட்டர். தோட்டம் வேறு, சோலைக்காடு வேறு, புல்வெளி வேறு என்று தனித்தனியாக எழுத இந்தக் கண் போதும், கூடவே தரையில் போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டும். இயற்கைக் காடு எவ்வளவு போயிற்று என்பதைத் தனியாகச் சொல்லட்டும், அதில் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

அப்புறம், உன் மகன் கணினி படிக்கிறான் அல்லவா? அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். கொடைக்கானலின் பழைய படம் ஒன்று, புதியது ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். ஜனவரி, பிப்ரவரிப் படமாக இருக்கட்டும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் மேகம் மறைக்கும். அவன் என்ன கண்டான் என்று எழுது. கோடை விடுமுறையில் மூவருமாக மேலே போய் நேரில் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
முருகேசன்