யானையின் பெயரும் தாய்மாரின் பெயரும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா, வர்த்தகத்தையும் மனித உரிமையையும் போட்டுக் குழப்பாமல் நாடுகள் நட்புப் பாராட்டுவதற்கு யானையும் பண்டாவும் வழிகாட்டுகின்றன என்று கடந்த ஞாயிறு இதழில் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார்.

2010இல் சீனச் சிறையில் இருந்த மனித உரிமைப் போராளி லியு சியாவோபோவுக்கு நொபெல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டதும் சீனா நோர்வேயின் சால்மன் மீனை ஒதுக்கியதும், அந்த வியாபாரம் ஸ்கொட்லாந்துக்குப் போனதும், 2011 டிசம்பரில் எடின்பரோவுக்கு இரண்டு பண்டாக்கள் வந்திறங்கியதும் தாங்கள் அறியாதவை அல்ல. அவையும் ஆண்டு வாடகைக்கு வந்தவையே. வாடகை வாங்கும் நட்பு வாழ்க.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1983 ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு ஒரு யானைக்குட்டியைப் பரிசளித்தார். 2010இல் மனித உரிமையைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் எனும் ஏற்றுமதி வரிச் சலுகையை இலங்கைக்கு நிறுத்தியபோது, ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்காகத் தங்கள் தலையங்கம் கண்ணீர் வடித்தது. அந்தப் பெண்களின் சம்பளத்தைப் பற்றி அதற்கு முன்னோ பின்னோ தாங்கள் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

தாய்லாந்து 2001இல் தந்த யானை முத்துராஜாவின் முன்னங்கால் மடக்க முடியாமல் போனதற்காக நமது அரசு அந்நாட்டிடம் வருத்தம் தெரிவித்தது. 2023 ஜூலையில் யானையை விமானத்தில் திருப்பி அனுப்பியும் வைத்தது. அது நியாயமே, வாயில்லாச் சீவன். என் அக்காவின் மகன் 2008இல் காணாமல் ஆக்கப்பட்டான். வாயிருந்தும் அவள் ஏறி இறங்கிய அலுவலகங்களில், வருத்தம் கிடக்கட்டும், "இருங்கள்" என்று ஒரு கதிரையைக் காட்டியவர்கள்கூடக் குறைவு. திருகோணமலை வீதியோரத்தில் அவள் பிடித்து நிற்கும் படம் வெயிலில் வெளிறி, லமினேட்டின் ஓரத்தால் மழைத்தண்ணீர் இறங்கி, இப்போது அதில் மீசை மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. அவளிடம் வந்து வர்த்தகம் வேறு, மனித உரிமை வேறு என்று தங்கள் கட்டுரையாளர் விளக்கினால் நானும் கேட்டுக்கொள்வேன்.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. முத்துராஜாவின் தாய்லாந்துப் பெயர் சக் சுரின் என்பதைக்கூட மறவாமல் அச்சிட்ட தங்கள் பத்திரிகை, சென்ற ஆண்டு எங்கள் தாய்மாரின் படத்தின் கீழ் "போராட்டத்தில் ஈடுபட்ட பெண்கள்" என்று மட்டும் போட்டிருந்தது. பெயர்ப்பட்டியலைத் தங்கள் நிருபரின் கையில் கொடுத்தவனே நான்தான். வரும் ஆகஸ்ட் 30ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தில் எடுக்கும் படத்துக்காவது பெயர்களை அச்சிடுவீர்களா?

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.