உன் கிணற்றுக்கு நான் செய்தது

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் நண்பா,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் சைக்கிளில் சந்தைக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் மனம் நிறைந்தது. இங்கே பேத்தி முதலாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் படலம் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கடற்கரைத் தண்டவாளத்தில் போகும் ரயிலின் பெட்டிகளை இப்போது மாடியில் இருந்தே எண்ண முடிகிறது.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பக்கம்தான். 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் (சூரியனின் நடு மறைந்து ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது) வட இலங்கையைக் கடந்து போகிறது, சனசமூக நிலையம் இப்போதே ஆயத்தம் செய்து வெளியூர்ச் சனங்களை அழைக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், உன் யோசனை என்ன என்று கேட்டிருக்கிறாய். என் யோசனையைச் சொல்லுமுன் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் உன் மகன் கொழும்புக்கு வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டான். பேச்சு 2019 டிசெம்பர் 26 கிரகணத்துக்குப் போனது. அன்று நான் இங்கிருந்து ஒரு மினி பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு உன் வளவுக்கு வந்தேன் அல்லவா? முப்பது பேர். வேப்பமரத்தின் கீழே வெள்ளை மணலில் இலை இடுக்குகள் எல்லாம் சின்னச் சின்ன ஒளி வளையங்களாக விழுந்ததைப் பார்த்து நாங்கள் குழந்தைகள் போலக் கத்தினோம். உன் மனைவி எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தந்தார். நாங்கள் மகிழ்ச்சியோடு பஸ் ஏறிவிட்டோம். பிறகு மலக்குழி நிரம்பிப் பொங்கியதும், கிணற்றுத் தண்ணீர் நாறியதும், இரண்டு மாதம் நீங்கள் அயல்வீட்டில் இருந்து குடத்தில் அள்ளிச் சுமந்ததும் உன் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டும் நீ ஒரு சொல் சொல்லவில்லை. விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று பொறுத்திருக்கிறாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நண்பா. உன்னிடமும் உன் மனைவியிடமும் மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

முப்பது பேருக்கே அந்த நிலை என்றால் மூவாயிரம் பேர் வந்தால் என்ன ஆகும் என்று அன்றில் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணும் சரியாகிவிட்டதால், மற்ற ஊர்கள் இந்தக் கூட்டத்தை எப்படிச் சமாளித்தன என்று தேடித் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நம் சென்னையில் இருந்து போன மெட்ராஸ் துணியின் பெயரால் அந்த ஊருக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஏறக்குறைய 7,000 பேர் வாழும் ஊர். 2017 ஓகஸ்ட் 21 முழுக் கிரகணத்துக்கு ஒரு இலட்சம் பேர் வரை வரலாம் என்று எதிர்பார்த்து ஆயத்தம் செய்தார்கள். விவசாயிகள் வயல்களைக் கூடாரம் அடிக்க வாடகைக்கு விட்டார்கள். சனங்கள் சில நாட்களாகச் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் கிரகணம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பக் கிளம்ப, வாகனங்கள் மணிக்கணக்கில் நகராமல் நின்றன. நல்லூர்த் தேர் முடிந்த பிற்பகலை நினைத்துக்கொள். அந்த நெரிசலை எத்தனையோ மடங்காக்கி, வெளியே போக ஓரிரு வீதிகள் மட்டுமே உள்ள ஊரில் வைத்துப் பார்.

எனக்கு அதைவிடப் பாடமாகப் பட்டது மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத். பேர்த்தில் இருந்து 1,200 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, ஒரு தீபகற்பத்தின் நுனியில் இருக்கிறது. சுமார் 3,000 பேர் வாழும் ஊர். 2023 ஏப்ரல் 20 அன்று ஏறக்குறைய ஒரு நிமிட இருட்டைப் பார்க்க 20,000 பேர் வருவார்கள் என்று கணித்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகக் குடிநீர், கழிவு, தொலைத்தொடர்பு, தற்காலிக முகாம், மருத்துவம் என்று முன்கூட்டியே திட்டமிட்டார்கள். தீபகற்பம், வறண்ட நிலம், தெற்கே இருந்து நீண்ட ஒரு வீதி. நம் ஊரைப் பற்றித்தான் வாசிக்கிறேனோ என்று தோன்றியது. 2024 ஏப்ரல் 8 கிரகணத்துக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சில கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்றவை, கூட்டம் வருமுன்னரே அனர்த்தப் பிரகடனம் செய்தன. எரிபொருள், ஆம்புலன்ஸ், உதவிப் படை எல்லாவற்றையும் நேரத்தோடு கேட்டுப் பெறுவதற்குத்தான்.

நமக்கு வரும் கூட்டம் அந்த அளவுக்கு இராது. உலகம் சுற்றிக் கிரகணம் பார்ப்பவர்கள் முழுக் கிரகணத்தைத்தான் துரத்துவார்கள். 2027 ஓகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சோர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டு இருக்கும். அங்கே போவார்கள். கங்கண கிரகணத்துக்கு வருவோரில் பெரும்பாலானோர் நம் நாட்டவர்களாகவே இருப்பார்கள். கொழும்பில் பகுதிக் கிரகணம்தான் தெரியும் என்று பத்திரிகையில் வந்ததும் வடக்கே வரும் ஏ9 வீதியில் எத்தனை வாகனம் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே என் முதல் யோசனை தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கும் நன்னீரைத்தான் நாம் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். மேலே கழிவு விட்டால் கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகும். மே மாதம் மாரி முடிந்து பல மாதம் ஆகி, கிணறுகள் கீழே போயிருக்கும் காலம். அன்று கிரகணம் மதிய வேளையில் வருகிறது. உச்சி வெயிலில் ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் கேட்பார்கள். கிரகணம் விட்டதும் ஊரில் எல்லோரும் தலை முழுகுவார்கள், வீடு கழுவுவார்கள். இரண்டு தேவையும் ஒரே மணித்தியாலத்தில் கிணற்றின் மேல் விழும். எந்த வெளிநாட்டுத் திட்டத்திலும் இது எழுதப்பட்டிராது. இதை நினைத்துப் பார்க்க உங்கள் குழுவால்தான் முடியும்.

சாப்பாடும் அப்படித்தான். திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்கு அன்னதானம் கொடுத்துப் பழகிய ஊர் என்று இளைஞர்கள் சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் அன்று கோயில் நடை சாத்தியிருக்கும். பல வீடுகளில் அடுப்பு எரியாது. வருபவன் பசியோடு நிற்பான். பெரியவர்களின் நம்பிக்கையைக் குறை சொல்லாமல், காலையிலேயே ஒரு பந்தி, விமோசனத்துக்குப் பிறகு ஒரு பந்தி என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இரண்டாம் பந்தி இருந்தால் பாதிச் சனம் உடனே வீதிக்கு ஏறாது. வாகன நெரிசலுக்கும் அதுவே மருந்து.

மலசலகூடங்களைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். புதுக் குழி வெட்டவே வேண்டாம். அடைத்த தொட்டியுள்ள நடமாடும் கூடங்களும், நிரம்பியதும் உறிஞ்சிக்கொண்டு போகும் பவுசரும் வேண்டும் என்று பிரதேச சபைக்கு இப்போதே எழுதுங்கள். வாகனங்களைப் பனங்கூடல்களுக்குள் விடவேண்டாம். காய்ந்த ஓலையில் ஒரு தீப்பொறி போதும். அதிகமாகச் சாமான் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் சில ஊர்க் கடைக்காரர்கள் பெருங்கூட்டத்தை நம்பி வாங்கிய பொருளை விற்க முடியாமல் தவித்தார்கள்.

இன்னொன்று, வதந்தி. 1955 ஜூன் 20 கிரகணத்தின்போது பொலன்னறுவைப் பக்கம் பகல் இருண்டது. அந்த நேரத்தில் வசம்பைக் கரைத்துக் குடித்தால் உடல் வெள்ளையாகும் என்று ஒரு கதை தென்னிலங்கையில் பரவியது. நம்பிக் குடித்த பெண்கள் பலர் நோயில் விழுந்தார்கள். சிங்களவர்கள் அதை வதகஹ சுதிய என்று இன்றும் நினைவுகூருகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வருடம் முன்னரே வீடு வீடாகப் பேசவையுங்கள். கங்கண கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதே இல்லை, ஆகவே கண்ணாடியைக் கழற்றக்கூடிய விநாடி ஒன்றுமே இல்லை என்று சொல்லவையுங்கள். எக்ஸ்ரே படத்தால் பார்க்கக்கூடாது. விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. சூரியனைப் பார்ப்பதற்கென்று வகுத்த ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரத்துக்கு அமைந்த கண்ணாடி மட்டும்தான். அதையும் நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும். 2017-இல் போலிகளும் சந்தைக்கு வந்தன.

ஊர் சனங்களை அழைக்கட்டும் என்றே நான் நினைக்கிறேன். 2010-இல் தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது, 2019-இல் வந்தது, 2031-இல் மறுபடியும் வருகிறது. ஒருவருடைய வாழ்நாளுக்குள் இப்படிக் கிடைப்பது பெரிய கொடை. ஆனால் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கிணறுகளைப் பார்த்து முதலில் முடிவு செய்யுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் வருபவர்களை வேறு இடத்துக்கு அனுப்ப வெட்கப்பட வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் வருகிறேன். இம்முறை தனியாகத்தான். அதற்குள் சனசமூக நிலையத்தைச் சுற்றி உள்ள கிணறுகளில் எது நன்னீர், எது உவர், எந்தக் குழி எந்தக் கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது என்று இளைஞர்களைக் கொண்டு ஒரு வரைபடம் கீறி வை. உன் வளவில் இருந்தே தொடங்கு. உன் மலக்குழியை இறைத்து, உடைந்த மூடியை மாற்றும் செலவு என்னுடையது. மறுத்து எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்